பள்ளிவாசலில் பீடம் இல்லையே?

கேள்வி: கிள்ளான் லூர்து மாதா பங்கைச் சேர்ந்தவள் நான். நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டு அக்கா அழைத்ததால், கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியாவுக்குப் போய், மஃரிப் தொழுகையைப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். நோன்புக் கஞ்சியும் குடித்தேன். பீடம் இல்லை, சுரூபம் இல்லை, பாட்டும் இல்லை. சீக்கிரமே முடிந்துவிட்டது. ஆனாலும் பூசையில் வராத மன ஒருமுகம் அங்கே வந்தது. இது பாவமா? அடுத்த முறை வரிசையில் சேர்ந்து நானும் தொழலாமா?

பதில்: சகோதரி, பாவம் இல்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2001 மே 6 அன்று டமாஸ்கஸ் உமையாத் பள்ளிவாசலுக்குள் சென்றார். 2006 நவம்பர் 30 அன்று இஸ்தான்புல் நீலப் பள்ளிவாசலில் பதினாறாம் பெனடிக்ட் காலணியைக் கழற்றிவிட்டு, முஃப்தியின் பக்கத்தில் மௌனமாக நின்றார். ஏக இறைவனை வணங்குவோர் என்று முஸ்லிம்களை மதித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஏடு வெளியிட்டது 1965 அக்டோபரில். நம் மஸ்ஜிட் நெகாரா திறந்ததும் அதே ஆண்டுதான்.

பீடம் இல்லை என்றீர்கள். தொழுகையைப் பூசையோடு வைத்துப் பார்த்ததால்தான் அந்தக் குறை தோன்றியது. பூசை கல்வாரிப் பலி. அதற்குப் பீடமும் குருவும் வேண்டும். தொழுகையில் பலி கிடையாது. இமாம் குருப்பட்டம் பெற்றவர் அல்ல, முன்னே நின்று தொழவைப்பவர். ஆகவே அதற்கு இணையாக நம்மிடம் தேடினால், குருக்களும் கன்னியரும் நேரம் தவறாமல் சொல்லும் திருப்புகழ்மாலையைத்தான் காட்டுவேன். மணியடித்ததும் வேலையை நிறுத்திவிட்டு மூவேளை செபம் சொன்ன நம் பாட்டிமாருக்கு பாங்கு கேட்டதும் எழுகிறவர்களைப் புரிந்திருக்கும்.

தொழுகைக்கு முன் கழுவிக்கொள்ளும் ஒளு செய்வதைக் கவனித்தீர்களா? கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை, தலை, கடைசியில் கணுக்கால் வரை பாதம். இதைக் கோயில் வாசல் தீர்த்தத்தோடு பலர் ஒப்பிடுகிறார்கள். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. தீர்த்தம் ஒரே முறை பெற்ற ஞானஸ்நானத்தை நினைவூட்டுகிறது. ஒளு முறிந்தால் மறுபடி செய்தாக வேண்டும், அது இல்லாமல் தொழுகை கூடாது. நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூது அப்படியல்ல, நமக்கு மிக நெருக்கமானது. பெரிய வெள்ளியன்று குரு பீடத்தின் முன் குப்புற விழுவதையும், குருப்பட்டத்தின்போது புனிதர் மன்றாட்டு மாலை முடியும்வரை திருத்தொண்டர்கள் தரையில் கிடப்பதையும் பார்த்திருப்பீர்கள்.

உங்களுக்கு வந்த ஒருமுகத்துக்கு அஞ்ச வேண்டாம். நெற்றி தரையில் படும்போது மனமும் அடங்குகிறது. நாமோ வாயால் மட்டும் செபித்துப் பழகிவிட்டோம், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். வீட்டில் திருப்புகழ்மாலையின் மாலைப் புகழை முழந்தாளிட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் வரிசையில் சேராதீர்கள். அந்த அக்கா பூசைக்கு வந்தால் நற்கருணை வாங்கச் சொல்வோமா? நம்பாமல் வாங்கினால் நற்கருணைக்கும் மரியாதையில்லை, அவருக்கும் மரியாதையில்லை. சப்பில், அதாவது தொழுகை வரிசையில், நிற்பதும் ஒரு விசுவாச அறிக்கைதான். பின்னால் உட்கார்ந்து மௌனமாக உங்கள் செபத்தைச் சொல்லுங்கள். தலைமுதல் கால்வரை மூடிய உடை போதும். பெண்கள் பகுதி தனி. தொழுகிறவர் முன்னால் குறுக்கே நடக்காதீர்கள்.

நோன்புக் கஞ்சியைப் பற்றியும் கவலை வேண்டாம். அது படையல் அல்ல, நோன்பு திறக்கிற சாப்பாடு. பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல இதில் ஒன்றுமில்லை.