குடியை நிறுத்தும்போது உடலில் நடப்பது என்ன?



பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டபோது வெல்டிங் பற்றி எழுதலாம் என்றுதான் இருந்தேன். பிறகு நம் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றை எழுதுவோம் என்று தோன்றியது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் டாக்டர் சொல்வதைக் கேட்டு, சீட்டைப் படித்து, வீட்டாருக்கு விளக்குகிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். பதினைந்து வருடக் குடி. நான் முதலாமாண்டுப் பரீட்சைக்குப் பணம் கட்டிய அன்று, "இனி தொட மாட்டேன்ல" என்று சொல்லி அன்றோடு நிறுத்தினார். அம்மா கோயிலுக்கே போய்விட்டு வந்தாள். மறுநாள் காலையில் அப்பாவால் டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. உடம்பெல்லாம் வியர்வை. அன்று இரவே வலிப்பு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னபடி கையில் சாவிக்கொத்தைத் திணித்தோம். (சாவிக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், 108-ஐக் கூப்பிட வேண்டும். இது எனக்கு அப்போது தெரியாது.)

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "தம்பி, உங்கப்பா குடியை விட்டது நல்ல விஷயம். யாரையும் கேக்காம ஒரேடியா விட்டதுதான் இங்க கொண்டு வந்திருக்கு." குடித்தால் சாவு என்று கேட்டிருக்கிறேன். நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து வரலாம் என்று அன்றுதான் கேட்டேன்.

காரணம் இதுதான். மூளையில் அடக்கி வைக்கிற ரசாயனம் ஒன்று உண்டு, காபா என்று பெயர். முடுக்கி விடுகிற ரசாயனம் இன்னொன்று, குளூட்டமேட். சாராயம் முதலாவதற்குத் துணை போகிறது, இரண்டாவதை அமுக்குகிறது. நம்ம பாஷையில் சொன்னால், எந்நேரமும் பிரேக்கை மிதித்தபடி ஓடுகிற லாரி. அப்படியும் வண்டி ஓட வேண்டுமே! அதனால் மூளை வருடக்கணக்கில் ஆக்சிலேட்டரைக் கூட்டிக்கொண்டே போகிறது. திடீரென்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகும்? அதுதான் அப்பாவுக்கு ஆனது.

பெருங்குடிகாரர்களுக்குக் கடைசிக் குடியிலிருந்து சுமார் 6 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். வலிப்பு வருவது பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். 2 முதல் 4 நாட்களுக்குள் சிலருக்குப் பிதற்றல் வரும். காய்ச்சல் அடிக்கும், இல்லாதது கண்ணில் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். அப்பாவுக்கு மூன்றாம் நாள் இரவு வந்தது. வார்டு கட்டிலில் உட்கார்ந்து காற்றில் மூட்டை தூக்கினார். "லாபம், ரெண்டு, மூணு..." என்று எண்ணி எண்ணி அடுக்கினார். நான் பக்கத்தில் இருந்தும் என்னை மேஸ்திரி என்று நினைத்துக் கூலி கேட்டார்.

சிகிச்சையில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. முதலில் தயமின் என்கிற வைட்டமின் பி1 ஊசி. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே அதைப் போட்டார்கள். குடிகாரர் உடம்பில் அந்தச் சத்து வற்றியிருக்கும், போடாமல் விட்டால் மூளையே நிரந்தரமாகக் கெடலாம். பிறகு குளோர்டயசிபாக்சைடு மாத்திரை. முதல் நாள் அதிகம், பிறகு நாளுக்கு நாள் குறைவு. சங்கு குளிக்கப் போகும் என் மாமாவிடம் இதைச் சொன்னேன். "நாங்க காத்துக்குழா வச்சு ஆழத்துல கெடந்துட்டு விருட்டுனு மேல வந்தா முடங்கிப் போவோம்ல, அது மாதிரியா மாப்ள?" என்றார். அதே மாதிரிதான்.

மருந்து தவிர ஒன்று பார்த்தேன். இரவிலும் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நர்ஸம்மா வரும்போதெல்லாம் "அண்ணாச்சி, இன்னைக்கு என்ன கிழமை? இது எந்த இடம்?" என்று கேட்பார். யாரும் அப்பாவைத் திட்டவில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் செய்யாதது அது.

இரண்டு தவறான வழிகளையும் சொல்ல வேண்டும். ஒன்று, 'அவருக்கே தெரியாமல் குழம்பில் கலந்து கொடுங்கள்' என்று விற்கிற பொடி. அதில் என்ன இருக்கிறதோ யாருக்குத் தெரியும்? டாக்டர்கள் தருகிற டைசல்ஃபிராம் என்ற மாத்திரையைக்கூட நோயாளிக்குத் தெரியாமல் தரக்கூடாது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் அசிட்டால்டிஹைடு உடலில் தேங்கி, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். மற்றது, கட்டிப் போடுவது. நம் கடற்கரையில் உள்ள ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-இல் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் மாண்டார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. குடி, போதையால் வரும் மனநோயும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் 1979-இல் கணவரைக் குடியால் இழந்தவர். 1980-இல் கணவர் பெயரிலேயே சிகிச்சை நிலையம் தொடங்கினார். அதுவே இன்றைய டி.டி.கே. மருத்துவமனை. மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் நடத்தியிருக்கிறார்கள். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே குடும்பத்தாருக்கும் தனி வகுப்பு உண்டு என்று படித்தபோதுதான், எங்கள் டாக்டர் ஏன் அம்மாவையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார் என்று புரிந்தது.

ஆனால் எத்தனை பேருக்கு இது கிடைக்கிறது? 2019-இல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் வெளியிட்ட ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவதொரு உதவி பெற்றிருக்கிறார். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர்!

உடம்பிலிருந்து போதையை இறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆசை அதோடு போகாது. நாற்பதாம் நாள், போனஸ் வாங்கிய அன்று, அப்பா மறுபடி குடித்தார். அம்மா அழுதாள். நான் மூன்று நாள் அவரிடம் பேசவில்லை, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இரண்டாம் தடவை அவராகவே நிறுத்த விடவில்லை, நேராக வார்டுக்குப் போனோம். வலிப்பு வரவில்லை, மூட்டையும் எண்ணவில்லை. இப்போது பதினோரு மாதம். வாரம் ஒருமுறை, குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற கூட்டத்துக்குப் போய் வருகிறார். அங்கே என்ன பேசுவார்கள் என்று கேட்டால், "அது வெளியில சொல்லக் கூடாதுல" என்கிறார்.

14446 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே விவரம் கேட்கலாம். கூச்சமாக இருந்தால் மெக்கானிக்கல் மூன்றாமாண்டு வகுப்பில் என்னைக் கேளுங்கள், கூடவே வருகிறேன்.