உப்பு யார் போட்டது?

அணுசக்தி நகருக்குப் பக்கத்தில் சீத்தா கேம்ப் இருக்கிறது. 1976-இல் ஜனதா காலனி மக்களை அங்கே குடியேற்றினார்கள். தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைய உண்டு.

அங்கே ஓர் அக்கா இட்லி மாவு அரைத்து விற்கிறார். உதவிக்கு இரண்டு பெண்கள். தினமும் எட்டுக் கடைகளுக்கு மாவு போகும். எவ்வளவு அரிசி, எவ்வளவு உப்பு, எந்தக் கடைக்கு எத்தனை கிலோ? எல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். அவருக்கு மட்டும்தான் மனப்பாடம்.

ஒரு டிசம்பரில் அக்காவின் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. அக்கா ஊருக்கு ரயில் ஏறினார். மறுநாள் ஒரு பெண் மாவில் உப்புப் போட்டாள். அது தெரியாமல் இன்னொருத்தியும் போட்டாள். மாவு முழுவதும் திரும்பி வந்தது. ஒரு கடைக்காரர் வேறு இடத்தில் வாங்கத் தொடங்கிவிட்டார்.

அக்கா திரும்பி வந்தார். அணுசக்தி நகரிலிருந்து மாவு வாங்க வரும் ஓர் அண்ணன் இதைக் கேட்டார். அவர் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்.

"எங்க வேலையில நோட்டுல எழுதி வச்சுட்டுத்தான் கிளம்புவோம். அடுத்து வர்றவர் அதைப் படிச்சுட்டுத்தான் வேலையைத் தொடுவார்" என்றார்.

அன்று மாலை அக்கா வகுப்புக்கு வந்தார்.

"தம்பி, எழுதலாம்னு ஆசைதான். ஆனா தப்புத் தப்பா வருமே" என்றார்.

"டப்பாவாலாக்களைப் பாருங்கக்கா" என்றேன்.

நீங்களும் அவர்களைப் பார்த்திருப்பீர்கள். 1890 வாக்கில் தொடங்கிய தொழில் அது. அவர்களில் பலர் அதிகம் படித்தவர்கள் அல்ல. ஒரு சாப்பாட்டு டப்பா வழியில் பல கை மாறும். மூடியின் மேல் சில எழுத்துகளும் எண்களும் இருக்கும். எந்த ஸ்டேஷனில் இறக்குவது, எந்தக் கட்டடம், எந்த மாடி என்பதை அவை சொல்லும். முழு முகவரி இருக்காது. ஒருவர் வராவிட்டால், குழுவில் இன்னொருவர் அந்தக் குறியைப் பார்த்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

அக்கா எழுதத் தொடங்கினார்.

புழுங்கல் அரிசி 8 கிலோ.
உளுந்து 2 கிலோ.
வெந்தயம் ஒரு கைப்பிடி.
உப்பு தேவையான அளவு.

தாளை அந்தப் பெண்களிடம் கொடுத்தோம். அக்காவை வாய் திறக்காமல் உட்காரச் சொன்னேன். அவருக்கு அது பெரிய கஷ்டம்! மூன்று வரி வரை வேலை நன்றாக நடந்தது. நான்காவது வரியில் நின்றுவிட்டது.

"தேவையான அளவுன்னா எவ்வளவுக்கா?"

அக்கா சிரித்துவிட்டார். யார் கையால் ஒரு பிடி? அக்காவின் கை பெரியது. அந்தப் பெண்களின் கை சிறியது. அதனால் அக்கா போடும் வெந்தயத்தையும் உப்பையும் தராசில் வைத்து நிறுத்தோம். கைப்பிடியை அடித்துவிட்டுக் கிராம் எழுதினோம். கீழே இன்னும் இரண்டு வரி சேர்ந்தன:

உப்புப் போட்டவர் சிலேட்டில் கோடு போட வேண்டும்.
குளிர் நாளில் ஒரு மணி நேரம் முன்னால் அரைக்க வேண்டும்.

தாளைச் சுவரில் ஒட்டினோம். எந்தக் கடைக்கு எத்தனை கிலோ என்பதும் அதில் உண்டு. கடன் பாக்கி மட்டும் தனி நோட்டில். அதைச் சுவரில் ஒட்டினால் கடைக்காரருக்குக் கோபம் வராதா?

அடுத்த மழைக்காலத்தில் அக்கா காய்ச்சலில் மூன்று நாள் படுத்தார். எட்டில் ஒன்று போய், மீதி ஏழு கடைகளுக்கும் மாவு நேரத்துக்குப் போனது.

செய்து பாருங்கள்

நீங்கள் ஒரு நாள் வராவிட்டால் எந்த வேலை நிற்கும்? அதை ஐந்து வரியில் எழுதுங்கள். அந்த வேலை தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் நிற்கிறாரோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.