நேர்முகத் தேர்வுக்கு முன்பாக

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1 நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த சந்தோஷத்தில் புத்தகமும் கையுமாகவே பொழுதைக் கழிப்பவர்கள், கீழ்க்கண்ட விஷயங்களிலும் சிறிது சிரத்தை கொள்வது நலம்.

1. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை ஆதாரமாக வைத்துக்கொண்டு, ஏனைய சான்றிதழ்களில் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் அட்சரம் பிசகாமல் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள், ஒன்றில் ‘எஸ். முருகேசன்’, மற்றொன்றில் ‘முருகேசன் சு.’ என்றிருந்தால் விளக்கம் சொல்லும் சங்கடம் உங்களுடையதே.

2. தமிழ் வழியில் பயின்றோருக்குரிய 20 சதவீத முன்னுரிமையைக் கோருவோர், பள்ளிப் படிப்புக்கும் சேர்த்தே சான்று பெறுக. கல்லூரிச் சான்று மட்டும் போதாது.

3. சொந்த மாவட்டத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். உலக விவகாரங்களையெல்லாம் மனப்பாடம் செய்த தஞ்சாவூர்க்காரர், குறுவைக்காக மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பதே வழக்கம் என்பதைச் சொல்லத் தெரியாமல் விழிப்பாரானால், நிர்வாகப் பொறுப்பை நாடி வந்தவரிடம் அந்த அறியாமை சற்று அதிகமாகவே உறுத்தும் அல்லவா!

4. வெளியூர்க்காரர்கள் முன்தினமே சென்னை சேர்ந்துவிடுக. அதிகாலை ரயில் தாமதித்தால் அன்று மாற்று உபாயம் கிடையாது.

5. புதுச் செருப்பை அன்றைக்கென்று எடுத்து வைக்காதீர்கள், கடிக்கும்.