தாங்கும் கைகளைத் தாங்குவது யார்?

நடக்க இயலாத பிள்ளை உள்ள வீட்டில் விடியல் முதல் நள்ளிரவு வரை ஓயாத வேலை உண்டு. எழுப்பி உட்கார வைத்தல், குளிப்பாட்டுதல், ஊட்டுதல், வேளை தவறாமல் மருந்து கொடுத்தல், மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுதல் எனப் பட்டியல் நீளும். இவற்றைச் செய்பவர் பெரும்பாலும் தாய். தாய் வேலைக்குச் சென்றால் பாட்டி. பாட்டிக்கும் தள்ளாமை வந்துவிட்டால் பள்ளியில் படிக்கும் மூத்த மகள். இவ்வேலைக்குச் சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை, ஓய்வு பெறும் வயதும் இல்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு என்ன செய்கிறது என்று நாம் கேட்பதுண்டு. அவர்களைத் தாங்கும் கைகளுக்கு என்ன செய்கிறது என்று கேட்பது அரிது. இவ்விரு கேள்விகளுக்கும் நம் நாட்டுச் சட்டங்கள் தரும் விடையை இங்குக் காண்போம்.

சட்டம் வளர்ந்த கதை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் ஆண்களில் 38 விழுக்காட்டினரும், பெண்களில் 55 விழுக்காட்டினரும் எழுத்தறிவு பெறாதவர்கள். உடற்குறையோடு பெண்ணாகவும் பிறந்துவிட்டால் கல்வி எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பதை இவ்விரண்டு எண்களே சொல்லும்.

ஐக்கிய நாடுகள் சபை 1981ஆம் ஆண்டை உலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்தது. 1995இல் நம் நாடாளுமன்றம் இவர்களுக்கென ஒரு சட்டம் இயற்றியது. ஏழு வகைக் குறைபாடுகளையே அது கணக்கில் கொண்டது. அதற்கு மாற்றாக வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அரசு வேலைகளில் 4 விழுக்காடும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும். முன்பு கருணையாகக் கேட்டதை இன்று உரிமையாகக் கேட்கலாம்.

‘எனக்குப் பின் யார்?’

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையைப் பெற்ற ஒவ்வொரு தாயின் நெஞ்சிலும் உறங்காமல் கிடக்கும் கேள்வி இது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்தால் சட்டத்தின் கண்ணில் அவர் முழு வளர்ச்சியடைந்தவர். ஆனால் சொத்தைக் காக்கவோ, கையொப்பமிடவோ அவரால் இயலாமல் போகலாம்.

இக்கவலைக்கு விடையாக 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் இது உரியது. இதன்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு குழு உண்டு. மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி ஆகிய மூவர் அதில் அமர்வர். அக்குழு சட்டபூர்வமான காப்பாளரை நியமிக்கும். காப்பாளர் ஆறு மாதத்திற்குள் சொத்து விவரம் தர வேண்டும். ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும். ‘நிராமயா’ என்னும் மருத்துவக் காப்பீட்டில் ஓராண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை செலவை ஈடுசெய்து கொள்ளலாம்.

பராமரிப்பவருக்கு என்ன?

2016ஆம் ஆண்டுச் சட்டம் ‘பராமரிப்பவர்’ என்ற சொல்லுக்கே விளக்கம் தருகிறது. ஊதியம் பெற்றோ பெறாமலோ மாற்றுத்திறனாளிக்குத் துணைநிற்பவர் எவரும் பராமரிப்பவரே. பெற்றோரும் குடும்பத்தாரும் அதில் அடங்குவர். தாயின் உழைப்பை ஓர் உழைப்பாகச் சட்டம் பெயர் சொல்லி ஏற்பது சிறிய செய்தியன்று. மிகுந்த துணை தேவைப்படுவோருக்குப் பராமரிப்பு உதவித்தொகை தரும் திட்டங்களை அரசு வகுக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது.

ஆனால் அங்கேயே ஒரு தொடரும் சேர்ந்து நிற்கிறது: அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்பதே அது. அத்தொடரின் பொருள் என்னவென்பதை ஓய்வூதியக் கணக்கில் காணலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, 80 விழுக்காடு குறைபாடுடையவர்களுக்கான மத்திய அரசின் ஓய்வூதியம் 2009இல் தொடங்கியது. 2012இல் அது மாதம் 300 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதாவது, நாளொன்றுக்குப் பத்து ரூபாய்! மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்துத் தருகின்றன. எனவே எந்த மாநிலத்தில் பிறந்தார் என்பதைப் பொறுத்தே ஒருவருக்குக் கிடைக்கும் உதவி அமைகிறது.

வேலைக்குச் செல்லும் தாயின் நிலை என்ன? மத்திய அரசில் பணிபுரியும் பெண்களுக்குப் பிள்ளை பராமரிப்பு விடுப்பு மொத்தம் 730 நாட்கள் உண்டு. பொதுவாகப் பிள்ளைக்கு 18 வயது ஆகும் வரையே இதை எடுக்கலாம். மாற்றுத்திறன் உள்ள பிள்ளையாயின் அவ்வயது வரம்பு இல்லை. இமாச்சலப் பிரதேசத்தில் அரசுக் கல்லூரி ஆசிரியை ஒருவர், அரிய மரபு நோயுள்ள தம் மகனுக்காக இவ்விடுப்பைக் கேட்டார். மாநில அரசு அவ்விதியை ஏற்காததால் மறுக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். பெண்கள் பணியில் பங்கு பெறுவது சலுகையன்று, அரசியலமைப்பின் கட்டளை என்று 2024 ஏப்ரலில் நீதிமன்றம் கூறி, விதியை மறுபரிசீலனை செய்யுமாறு மாநில அரசைப் பணித்தது. ஒரு தாய் தட்டிய கதவு, பல தாய்மாருக்கு வழிகாட்டியது.

நாம் செய்யத்தக்கவை

மாணவியரே, சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அது வீட்டு வாசலுக்கு வர வேண்டும். உதவிகள் பலவற்றுக்கும் முதற்படி, மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையுமே. இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் பரிசோதனை செய்து அவற்றைப் பெறலாம். படிவத்தை நிரப்பத் தெரியாத அண்டை வீட்டு அம்மாவுக்கு நீங்கள் நிரப்பிக் கொடுங்கள். ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் அப்பிள்ளையோடு அமர்ந்து கதை பேசுங்கள்; அந்த அம்மா சற்றுக் கண்ணயரட்டும். தம்பியையோ தங்கையையோ பார்த்துக்கொள்ள வகுப்புக்கு வராமல் நின்றுவிடும் தோழி இருந்தால், அவளைக் குறை சொல்லாமல் பாடக் குறிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பெற்றோர்களே, வீட்டுப் பராமரிப்பைப் பெண்மக்கள் தலையில் மட்டும் சுமத்தாதீர்கள். ஆண்பிள்ளைகளும் அதில் கைகொடுக்கட்டும். அரசு தரவேண்டியதை அரசிடம் கேட்போம். நாம் தரக்கூடியதை இன்றே தருவோம். தாங்கும் கை தளர்ந்தால், தாங்கப்படுபவரும் விழுவார் அல்லவா?