முதியோருக்கு வலிமருந்து: வாயையும் உணவையும் சேர்த்துக் கவனித்தல்

அபினியிலிருந்து கிடைக்கும் மார்பின், கோடீன் ஆகியவையும், செயற்கையாகத் தயாரிக்கப்படும் டிரமடால், ஃபென்டானில் முதலியனவும் அபினி இன மருந்துகள் எனப்படும். இடுப்பெலும்பு முறிவு போன்றவற்றுக்காக அறுவைச் சிகிச்சை பெற்ற முதியோர் பலருக்கு இவை சில நாட்கள் தேவைப்படுகின்றன. அவர்கள் வீடு திரும்பியபின் கவனிக்கத்தக்கது வலி ஒன்று மட்டுமன்று. வலிமருந்து, வாய், உணவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சமும் அளவும்

இந்தியா அபினி விளையும் நாடு. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்க அபினி ஆலைகள் உள்ளன. எனினும், 1985ஆம் ஆண்டின் போதைமருந்துச் சட்டத்தை ஒட்டி எழுந்த உரிமச் சிக்கல்களால் மருத்துவமனைகள் பல மார்பினை வைத்திருக்கவே தயங்கின. நோயாளிகள் வலியால் வருந்தினர். 1993ல் கோழிக்கோட்டில் தோன்றிய வலி நிவாரண, தணிப்புச் சிகிச்சைச் சங்கம், மார்பினை ஒழுங்காகக் கணக்கு வைத்து வழங்க இயலும் என்று நடைமுறையில் காட்டிற்று. 2008ல் கேரள அரசு தணிப்புச் சிகிச்சைக்கெனக் கொள்கை வகுத்தது. 2014ல் மத்தியச் சட்டமும் திருத்தப்பட்டது.

இதற்கு மாறாக, அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதி முதல் இவ்வின மருந்துகள் தாராளமாக வழங்கப்பட்டமையால், எண்ணற்றோர் அவற்றுக்கு அடிமையாகி உயிரிழந்தனர். ஆகவே வலியை அடக்காது விடுதலும் தவறு. நாள் வரையறையின்றி மருந்தைத் தொடர்தலும் தவறு.

முதுமையில் மருந்தின் செயல்

வலி அடங்காத முதியவர் இருமவும் நடக்கவும் அஞ்சுவார். அதனால் நுரையீரலில் சளி தேங்கும். கால் சிரைகளில் இரத்தம் உறையவும் கூடும். மருந்து மிகுந்தாலோ தூக்கக் கலக்கம், மனக்குழப்பம், தடுமாறி விழுதல், மூச்சு மந்தமாதல் ஆகியன நேரும். சிறுநீரகம் தளர்ந்தவர் உடலில் மார்பினின் விளைபொருள்கள் வெளியேறாமல் தங்குவதே இதற்கு ஒரு காரணம். தூக்க மாத்திரையோ மதுவோ உடன் சேர்ந்தால் அபாயம் பன்மடங்காகும். மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டாகும்.

வாயின் நிலை

இம்மருந்துகள் உமிழ்நீரைக் குறைக்கின்றன. சர்க்கரையை உண்ட சில நிமிடங்களில் பல்லின் மீதுள்ள கிருமிகள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அதனை முறிப்பது உமிழ்நீரே. முதியோரின் ஈறு சுருங்கிப் பல்லின் வேர் வெளிப்பட்டிருக்கும். வேர்ப்பகுதி எனாமலைப்போல் உறுதியானதன்று. ஆகையால் வாய் உலர்ந்தால் அது விரைவில் சொத்தையாகும்.

கொச்சிக் காயலிலுள்ள வல்லார்பாடம் தீவை எடுத்துக்கொள்வோம். 2004ல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும் வரை எறணாகுளத்து மருத்துவமனைகளுக்குப் படகிலேயே செல்ல வேண்டியிருந்தது. இன்று பாலம் உண்டு. எனினும் படுக்கையில் இருக்கும் முதியவரைப் பல் வைத்தியரிடம் கொண்டுசெல்வது எளிதன்று. வீடு தேடி வரும் ஊழியரே அவர் வாயை முதலில் காண்பவராக இருக்கலாம். மெல்ல இயலாதவருக்கு வீட்டார் அன்போடு சர்க்கரையிட்ட தேநீரையும் ரொட்டித் துண்டையும் அடிக்கடி கொடுப்பர். இதனால் பல் கெடும். புரதம் குறைந்து புண் ஆறத் தாமதமாகும். நார்ச்சத்தின்மையால் மலச்சிக்கலும் மிகும்.

உணவு விசாரணை

“நேற்றுக் காலை எழுந்தது முதல் இன்று காலை வரை என்ன உட்கொண்டீர்கள்?” என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொள்க. மருந்து மயக்கத்தில் இருப்பவர் நினைவு பிசகலாம். உடனிருந்து பராமரிப்பவரிடமும் கேட்க வேண்டும். சர்க்கரையின் அளவோடு, அது எத்தனை முறை வாயிற்பட்டது என்பதும் முக்கியம். இரவில் பருகியவையும் இனிப்பு மருந்துப் பாகுகளும் கணக்கில் சேரும். பல்செட் பொருந்துகிறதா, எதனை மெல்ல இயலவில்லை என்றும் அறிக.

ஊழியர்கள் கவனிக்க வேண்டியவை

1. எந்த மருந்து, எத்தனை நாட்களுக்கு, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவச் சீட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்க. அளவை மாற்றும் பொறுப்பு மருத்துவருடையது.
2. மலச்சிக்கல் இருப்பின் மருத்துவருக்குத் தெரிவிக்க.
3. மருத்துவர் நீரைக் கட்டுப்படுத்தாதவிடத்து அடிக்கடி சிறிது நீர் பருகச் செய்க. கஞ்சியுடன் முள் நீக்கி மசித்த மீன், முட்டை, வேகவைத்த பயறு ஆகியவற்றைச் சேர்க்கலாம்.
4. ஃபுளூரைடு கலந்த பற்பசையால் நாள்தோறும் இருமுறை பல் துலக்குதல் வேண்டும். பல்செட்டை இரவில் கழற்றிச் சுத்தம் செய்து வைக்க வேண்டும்.
5. எழுப்பியும் எழாவிடினும், மூச்சு மிக மெதுவாயினும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. அங்கு நலாக்சோன் என்னும் மாற்று மருந்து செலுத்தப்படும்.
6. எஞ்சிய மாத்திரைகளைப் பிறருக்குக் கொடுத்தல் கூடாது. டிரமடாலும் 2018 முதல் போதைமருந்துச் சட்டத்துக்கு உட்பட்டதே.

ஆசிரியர்கள், மாணவர் தம் வீட்டு முதியோரின் ஒரு நாள் உணவைக் குறித்து வரச் செய்து, இனிப்பு எத்தனை முறை இடம்பெற்றது என்று வகுப்பில் எண்ணிப் பார்க்கச் செய்யலாம். உடல்நூற்பாடத்துக்கு இது நல்ல பயிற்சியாகும். தாத்தா, பாட்டியின் உணவைப் பற்றி வீட்டில் ஒருவர் கருத்தோடு விசாரிக்கும் வழக்கமும் இதனால் ஏற்படும்.