சிம் மாற்றினால் பள்ளியிலும் சொல்லுங்கள்

திருவண்ணாமலையில் பௌர்ணமிக்கு விடிய விடிய கிரிவலப் பாதையில் கடை போடுபவர்களால் பள்ளிப் பக்கம் அடிக்கடி போக முடியாது; தகவல் கைபேசியில்தான் வர வேண்டும். அதுவும் பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ தளத்தில் பதிவான எண்ணுக்கு. சலுகைக்காக சிம்மை மாற்றினால் வகுப்பாசிரியரிடம் புது எண்ணைக் கொடுத்துவிடுங்கள். அந்த எண்ணுக்கு வரும் ஓடிபியை அவர் எதிரிலேயே சொல்லுங்கள். போனில் யார் கேட்டாலும் வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவில் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே தீபத் திருவிழா விடுமுறை அறிவிப்பு புதைந்துவிடும். அட்மினிடம் சொல்லி அறிவிப்பை மேலே ‘பின்’ செய்ய வையுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டிக்கு வாய்ஸ் மெசேஜ்.

கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்ததைக் குழுவில் கொட்டினால் சண்டைதான் மிச்சம். படமெடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் காட்டித் தீர்மானமாக்குங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அங்கே முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். கல்வி உதவி எண்: 14417.