பள்ளக்காணியும் ஊர்க்கிணறும்

வெள்ளம் நிற்கும் காணிகளை விலைக்கு வாங்குவது பற்றி ஒரு பாடம்



ஒவ்வொரு மாரியிலும் வெள்ளம் நிற்கும் குடியிருப்புக் காணிகளை அரசோ ஒரு பொது நிறுவனமோ விலைகொடுத்து வாங்கி, அங்குள்ள குடும்பங்களை மேட்டுநிலத்தில் குடியேற்றி, பள்ளத்தைத் தண்ணீருக்கே விட்டுவிடுவது நல்லதா? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையில் 600க்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட பின்னர், ஆபத்தான இடத்திலேயே திரும்பவும் வீடு கட்டுவதா என்ற கேள்வி நமக்கு முன் நிற்கிறது. ஏற்கனவே பலமுறை இடம்பெயர்ந்தவர்களிடம் "இன்னொருமுறை எழும்புங்கள்" என்று சொல்வது இலேசான காரியமல்ல. ஆகவே உணர்ச்சிவசப்படாமல், ஒரு கொப்பியை எடுத்து இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு என்று எழுதிக் கணக்குப் பார்ப்போம்.

பள்ளம் குடியிருப்பான விதம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக அராலியில் கடல்நீரேரியைச் சேரும் வழுக்கியாறுகூட மாரியில் மட்டுமே ஓடும். மற்ற மழைநீர் எல்லாம் குளம், கேணி, தரவை, வயல், வெள்ளவாய்க்கால் ஆகியவற்றில்தான் தங்கிச் செல்லும். இதை அறிந்த நமது முன்னோர் மேட்டில் வீடும் தோட்டமும் வைத்து, பள்ளத்தை நெல்லுக்கும் மாட்டுக்கும் விட்டார்கள்.

போர் இந்த ஒழுங்கைக் குலைத்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் தமது செம்மண் தோட்டங்களை விட்டு வெளியேறினர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே வெறுமையாகியது. படையினர் வசமிருந்த காணிகள் 2009க்குப் பின்னர் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. அதற்குள் பிள்ளைகள் வளர்ந்து கலியாணமும் முடித்துவிட்டார்கள். அவர்களுக்கு மலிவாகக் கிடைத்தது பெரும்பாலும் பள்ளக்காணிதான். அதில் மண் போட்டு உயர்த்தினோம். கிளுவை வேலி இருந்த இடத்தில் மதில் எழுந்தது. வேலிக்குள்ளால் ஓடிய வெள்ளம் மதிலில் முட்டி அயல்வீட்டுக்குள் புகுந்தது. 2008 நவம்பர் 25 அன்று, நிஷா புயலின்போது, யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 390 மில்லிமீற்றர் மழை கொட்டியது. ஓர் ஆண்டில் பெய்யும் மழையில் கிட்டத்தட்ட மூன்றிலொரு பங்கு அது. அப்படியொரு மழை திரும்பவும் வரும்.

இடப்பக்கம்: செலவு

காணி வாங்குபவர் விலையை மட்டுமே செலவாக எழுதுவார். விற்கும் குடும்பம் எழுத வேண்டியவை இன்னும் பல. புதுவீடு, புதுக்கிணறு, மலசலகூடம், மின்சார இணைப்பு, உறுதி எழுதும் செலவு ஆகியவை முதல் வரியில் வரும். தோட்டத்துக்குப் போய்வரும் தூரம், மாற வேண்டிய பள்ளிக்கூடம், நன்மை தீமைக்கு ஓடிவரும் அயலவரை இழப்பது ஆகியவை அடுத்த வரியில் வரும். தென்னையும் மாவும் திரும்பக் காய்க்கும்வரை கழியும் ஆண்டுகளையும் சேர்க்க வேண்டும்.

இவற்றிலும் பெரிய சிக்கல் விலையிலேயே இருக்கிறது. வெள்ளம் நிற்பதால் பள்ளக்காணியின் சந்தை விலை குறைவு. அந்த விலையை வாங்கிக்கொண்டு மேட்டில் அதே அளவு காணி வாங்க முடியாது. ஐந்து பரப்பைக் கொடுத்து ஒன்றரைப் பரப்புக்குப் போகும் குடும்பத்தை நாம் பாதுகாக்கவில்லை, ஏழையாக்கியிருக்கிறோம்.

உறுதி இல்லாதவரையும் மறக்கக்கூடாது. சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்க, வாய்ச்சொல்லை நம்பி அந்தக் காணியில் குடியிருப்பவர்கள் உண்டு. விலை உறுதிக்காரருக்குப் போக, வெள்ளத்தில் நின்றவர் வெறுங்கையோடு போக நேரிடலாம்.

வலப்பக்கம்: வரவு

முதல் வரவு கண்ணுக்குத் தெரிவது. உயிரும் உடைமையும் தப்பும். வருடாவருடம் பாடசாலையில் தங்குவதும், நிவாரண உணவும், சுவர் திருத்தமும், இழந்த கூலிநாட்களும் மிச்சமாகும். பத்து மாரிக்கு இவற்றைக் கூட்டிப் பாருங்கள்.

இரண்டாவது வரவு நிலத்துக்குள் இருக்கிறது. நமது குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தது. கல்லின் வெடிப்புகளில் மழைநீர் இறங்கி, உப்புநீரின்மேல் நன்னீராக மிதக்கிறது. கடல்மட்டத்துக்குமேல் ஓர் அடிக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் நிற்கும் என்பது பொதுவிதி. மேலே அந்த ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர் ஏறும். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்கிற நமக்கு உவர் ஏறிய கிணற்றின் பொருளைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு பரப்புக் காணியில் ஓரடிக்கு வெள்ளம் நின்றால் அது ஏறக்குறைய 77,000 லீற்றர். 5,000 லீற்றர் பவுசரில் பதினைந்து பவுசர்! ஓர் ஏக்கரில், அதாவது பதினாறு பரப்பில், 12 இலட்சம் லீற்றருக்கு மேல். பாதி ஆவியாகிப் போனாலும் மீதி ஊர்க்கிணறுகளுக்குத்தான். இதே தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கடலுக்கு விரைவாக அனுப்பிவிட்டு, ஆவணியில் பவுசருக்குக் காத்திருக்கிறோம்.

ஆனால் எல்லாப் பள்ளமும் ஒன்றல்ல. கடல்நீரேரி ஓரத்து உவர்நிலத்தில் நிற்கும் வெள்ளம் கிணற்றுக்கு அதிகம் உதவாது. அங்கு பறவைக்கும் மீன்குஞ்சுக்கும் கண்டலுக்கும் பயன் உண்டு. மேலும், மலசலகூடக் குழிகளைக் கழுவிக்கொண்டு இறங்கும் வெள்ளம் வரவல்ல, நோய். வாங்கிய காணியில் குழிகளை வெறுமையாக்கி மூடி, இடிபாடுகளை அகற்றினால்தான் இந்த வரவு வந்து சேரும்.

பிறர் பட்ட அனுபவம்

அமெரிக்காவில் 1993இல் மிசிசிப்பி ஆறு பெருகியபோது, வால்மேயர் என்ற சிற்றூரின் ஏறக்குறைய 900 மக்களுக்கு அருகிலிருந்த மேட்டில் புதிய ஊர் அமைக்கப்பட்டது. ஆயினும் எல்லோரும் அங்கு வந்து சேரவில்லை. பழைய ஊரோடு சில உறவுகளும் போயின. அந்த நாட்டில் 1989 முதல் 40,000க்கு மேற்பட்ட வீடுகள் இப்படி வாங்கப்பட்டுள்ளன. மத்திய அரசின் பணத்தில் வாங்கிய நிலத்தில் பிறகு எவரும் வீடு கட்ட முடியாது என்பது அங்குள்ள நல்ல விதி. ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைப்பது அங்குள்ள பெரிய குறை. ஒருவர் விற்க, அடுத்தவர் மறுக்க, தண்ணீருக்கும் வழியின்றி ஊரும் இன்றிப்போன இடங்களும் உண்டு.

நெதர்லாந்தில் ஓவர்டீப்ச என்ற இடத்து விவசாயிகள் தாமே ஒரு திட்டத்தை முன்வைத்தார்கள். நிலத்தை ஆற்றுவெள்ளத்துக்குத் திறந்துவிட்டு, வீட்டையும் தொழுவத்தையும் உயர்ந்த மண்மேடுகளுக்கு மாற்றினார்கள். விலக விரும்பியவர் நட்டஈடு பெற்று விலகினர்.

நமது நாட்டில் 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் கரையோரம் கட்டத்தடை என்று அரசு அறிவித்தது. மக்களைக் கேளாமல் வந்த அந்த விதி, கடலை விட்டுத் தூரப்போக முடியாத மீனவரிடம் எதிர்ப்பைச் சந்தித்து, பின்னர் தளர்த்தப்பட்டது. உயிரைக் காக்கும் நோக்கம் நல்லதே. ஆனால் தொழிலைக் கணக்கில் எடுக்காத திட்டம் நிலைக்காது.

நடுவழி ஒன்று

விவசாயிக்கு, முழுக்காணியையும் விற்பதைவிட நல்ல வழி ஒன்று இருக்கலாம். வீடு மட்டும் மேட்டுக்குப் போகட்டும், பள்ளம் வயலாக உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அங்கு இனிக் கட்டுவதோ மண் நிரப்புவதோ இல்லை என்று நீங்கள் எழுதிக்கொடுக்கும் உறுதிக்கே பணம். வாங்குபவருக்குச் செலவு குறைவு. உங்களுக்குக் காலபோகம் மிச்சம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியின்றி வயலை நிரப்புவது ஏற்கனவே தடைதான்.

விற்க முன்னர் கேட்க வேண்டியவை

1. விலை எதன் விலை? நாம் விட்டுப்போகும் காணியின் விலை போதாது. போய்க் குடியேறும் காணியின் விலை வேண்டும்.

2. மேட்டுக்காணி முதலில் காட்டப்பட்டதா? அதன் கிணற்றுநீரை ருசித்துப் பார்த்தோமா?

3. ஒழுங்கையில் உள்ள எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோமா?

4. பங்காளிகள் இருக்கிறார்களா? தேசவழமைப்படி கூட்டுச் சொந்தக்காரருக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு. சீதனக் காணியாயின் மனைவியின் சம்மதமும் கையெழுத்தும் முதலில் வேண்டும்.

5. உறுதி இல்லாத குடும்பத்துக்கு என்ன ஏற்பாடு?

6. வாங்கிய பள்ளத்தைப் பராமரிப்பவர் யார்? நாளை அதில் கடைத்தொகுதியோ முகாமோ எழாது என்று எழுத்தில் உண்டா?

7. விற்க விரும்பாதவர் கட்டாயமின்றி இருக்கலாமா?

கணக்கின் முடிவு

இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்க்கும்போது ஓர் உண்மை தெரிகிறது. பள்ளத்தை விட்டுக்கொடுப்பதன் நன்மை முழு ஊரின் கிணறுகளுக்கும் போகிறது. அதன் நட்டமோ ஒரு குடும்பத்தின் தலையில் விழுகிறது. ஊர் குடிக்கும் தண்ணீருக்கு ஊரே விலை கொடுக்க வேண்டும். பள்ளக்காணிக்குக் கொடுக்கும் நியாயவிலையை ஏழைக்குச் செய்யும் உபகாரமாக எவரும் எண்ண வேண்டாம். அது தண்ணீருக்கான கடன். அந்தக் கடனைத் தீர்க்க ஆயத்தமில்லாத திட்டத்துக்குக் கையெழுத்து வைக்க அவசரப்பட வேண்டாம். ஆயத்தமான திட்டம் வந்தால், பயத்தினால் தள்ளிவிடவும் வேண்டாம்.

குழுவாகக் கலந்துரையாட

அ. நமது ஊரில் முன்பு வெள்ளம் ஓடிய வழி எது? முதியோரிடம் கேட்டு ஒரு படம் வரையுங்கள்.

ஆ. அந்த வழியில் இன்று எத்தனை மதில்கள், எத்தனை வீடுகள், எத்தனை மூடிய மதகுகள்?

இ. கடந்த ஐந்து மாரிகளில் உங்கள் குடும்பத்துக்கு வெள்ளத்தால் வந்த செலவு எவ்வளவு?

ஈ. மேட்டில் காணி உள்ளவர்கள் தமது கிணற்றுக்காக என்ன பங்கு தர ஆயத்தம்?

விடைகளை எழுதி, கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலும் பிரதேச செயலகத்திலும் சேர்ந்தே முன்வையுங்கள்.